டெசலின் முதுகு

நவம்பர் 10, திங்கள்

நடுவிரல் நகம் பிய்ந்து தொங்கியது. பல்லால் கடித்துத் துப்பினேன். அமெரிக்க ஃபுட்பால் ஆட வந்து இது பதினோராவது வருஷம். முந்நூற்றுப் பத்து பவுண்டு உடம்புக்கு வேலை ஒன்றுதான்: டெசல் பந்தை எறியும்வரை அவன் முதுகை ஒருத்தனும் தொடக்கூடாது.

நேற்று மூன்று தடவை எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தேன் என்று நடுவர் தப்பாட்டத்துக்கான மஞ்சள் துணியை எறிந்தார். ஒவ்வொன்றுக்கும் பத்து கெஜம் பின்னால் போனோம். தோற்றோம். கோச் ஸ்ட்ராண்ட் எல்லார் முன்னாலும் சொன்னார்: "க்ரேடி, இன்னொரு தடவை பிடிச்சே, பெட்டியைக் கட்டிக்கிட்டுக் கிளம்பு."

டெசல் காதோரம் வந்து, "அந்தாளு கெடக்கான், நீ பிடிடா. அடி வாங்குற முதுகு என்னுது" என்றான்.

நவம்பர் 13

பயிற்சியில் மூக்கு மறுபடியும் உடைந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு ஆடினேன்.

நவம்பர் 16, ஞாயிறு

எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

எதிரணியில் டப்ஸ் என்றொருவன். ஆரம்பத்திலிருந்தே என் தொண்டையில் குத்திக்கொண்டிருந்தான். "கெழவா, வீட்டுக்குப் போய்ப் பேரனைக் கொஞ்சு!" அவன் விலாவில் முழங்கையை இறக்கினேன். அவன் முனகியது எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் என்னைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அவன் சட்டைக் கழுத்து என் விரல்களுக்குள் இருந்தது. இழுத்திருந்தால் விழுந்திருப்பான். கோச் சொன்னது ஞாபகம் வந்தது — விட்டுட்டேன். கையைத் திறந்து விட்டுட்டேன், பாவி!

டெசல் அவனைப் பார்க்கவே இல்லை. டப்ஸ் பின்னாலிருந்து அவன் கால்மேல் மொத்தமாக விழுந்தான். விறகு முறிகிற சத்தம். முட்டிக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. எலும்பு வெளியே வந்திருந்தது. அவன் கத்தவில்லை. என் காலுறையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிடா வந்தான்? எப்படிடா வந்தான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"கை வழுக்கிருச்சு" என்றேன்.

நவம்பர் 17

திங்கள்தோறும் ஆட்டப் படத்தைப் போட்டு ஒவ்வொருத்தனுக்கும் மார்க் போடுவார்கள். அந்த இடத்தில் நிறுத்தினார் கோச். பெரிய திரையில் என் விரல்கள் ஒவ்வொன்றாக விரிகின்றன. ஒருத்தனும் என்னைப் பார்க்கவில்லை. "கால் மந்தம். ஆனா சட்டையைப் பிடிக்கலை. நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. முதலில் என் கழுத்தை.

நவம்பர் 20

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். காரைவிட்டு இறங்கவில்லை. கோழை நாய்.

நவம்பர் 23, ஞாயிறு

டெசல் இடத்தில் இன்று ஓர்லன். அவனுக்கு முதல் ஆட்டம். எதிரணியில் மலைமாடு மாதிரி ஒருத்தன் என்னைத் தாண்டி அவன் முதுகுக்கு ஓடினான். நான் யோசிக்கவில்லை. பின்கழுத்துச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தரையில் அடித்தேன். அடித்து, மேலே விழுந்தேன். அவன் ரத்தத்தோடு பல்லைத் துப்பினான். மூன்று பக்கமிருந்தும் மஞ்சள் துணி பறந்தது. ஓர்லன் ஒரு கீறல் இல்லாமல் நின்றிருந்தான். கோச் கத்தியது எதுவும் காதில் ஏறவில்லை.

நவம்பர் 25

நீக்கிவிட்டார்கள். சாமான்களைக் கறுப்புக் குப்பைப் பையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

மதியம் டெசல் போன் செய்தான். ஞாயிறு ஆட்டத்தை டிவியில் பார்த்தானாம்.

"ஓர்லனுக்காகச் சட்டையைப் பிடிச்சியே" என்றான். "காலை எடுத்துட்டாங்கடா. ரத்தம் ஓடலையாம். நேத்து."

"அன்னிக்கு வழுக்கலைடா, டெசல். நானாத்தான் விட்டேன்."

"தெரியும். படத்தைப் போன வாரமே பாத்துட்டேன். நீயா சொல்லுவியான்னுதான் போன் பண்ணினேன்."

வைத்துவிட்டான்.