வாத்து மார்க் யாருடையது

9.7.91 செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். காய்ச்சிய சோப்பு இறுகவே மாட்டேன் என்கிறது, வெட்டினால் கத்தியோடு வருகிறது. இன்று லேபிள் சுற்ற வேண்டாம் என்று வேலைக்கு வரும் பெண்களிடம் சொல்லிவிட்டேன்.

பட்டாபிராம் கடைக்காரர் ஆள் அனுப்பினார். நம் வாத்து மார்க் சோப்பு போட்டுக் கை எரிகிறது என்று ஒரு அம்மாள் சண்டையாம். போய்ப் பார்த்தால் நம்முடையது இல்லை, கண்ணப்பன் போட்டது. அதே மஞ்சள் லேபிள், அதே வாத்து. முன்னால் ‘நியூ’ மட்டும் சேர்த்திருக்கிறான்.

“இன்னா மேடம், ரெண்டும் ஒரே மாறி கீது. நான் எத்த எடுத்து குடுக்கறது?” என்கிறார் கடைக்காரர்.

கண்ணப்பன் நம் சோப்பைச் சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக, கடைகடையாகப் போட்டவன். போன வருஷம் வேலையை விட்டு நின்றான், சொந்தமாகக் காய்ச்சுகிறான். அது அவன் இஷ்டம். ஆனால் வாத்தைப் பதிவு செய்ய நான் மனு போட்டால், அது தன்னுடையது என்று ஆட்சேபணை கொடுத்திருக்கிறான். என் மனு தள்ளுபடியானால் அடுத்து அவன் வாங்குவான். அப்புறம் என் வாத்தை நானே போடக்கூடாது.

வீட்டுக்காரர் அருள் சாப்பிடும்போது மெதுவாக, “வேணும்னா நாம கிளி போட்டுக்கலாமே ஸ்டெல்லா.” ரசம் ஊற்றாமல் எழுந்து வந்துவிட்டேன்.

11.7.91 வியாழன்

அம்பத்தூர். வக்கீல் அம்மா. ஆரம்பத்தில் நாங்கள் பில்லே போட்டதில்லை என்றதும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். படம் யார் வரைந்தது என்றார். என் வீட்டுக்காரர். “அப்ப அவரையும் கூட்டிட்டு வாங்க.”

வாங்க வேண்டியது: காஸ்டிக் சோடா, மஞ்சள் பேப்பர், அருளுக்கு ஒரு சட்டை (எல்லாவற்றிலும் லேத் பட்டறை கிரீஸ்).

ஜெயிப்போம். எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்தான் இன்னும் கிளி கிளி என்கிறார்.

16.7.91 செவ்வாய்

டிரேட்மார்க் ஆபீஸ். நெமிலிச்சேரியிலிருந்து ரயிலில் நின்றே போனோம். அதிகாரி கண்ணாடி போட்டவர், சாந்தமாகப் பேசுகிறார்.

தானே வரைந்த வாத்து என்று கண்ணப்பன் கூசாமல் சொன்னான். அதிகாரி அவன் லேபிளைக் கிட்டத்தில் பிடித்து, “வாத்து தலைக்கு மேல இது என்ன?”

“ஸ்டாரு சார். சும்மா டிசைனுக்கு.”

நம் லேபிளிலும் இருக்கிறது. அச்சுக்குப் பிளாக் செய்தவரின் பிழை. எடுத்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்து விட்டுப்போன ஒன்று. வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று இருந்தேன். அதற்குள் அதிகாரி கண்ணப்பனுக்கும் அருளுக்கும் பேப்பர் கொடுத்து வரையச் சொன்னார்.

கண்ணப்பன் கடகடவென்று போட்டான். இறக்கையெல்லாம் அழகாகவே வந்தது. ஸ்டார் ஞாபகமில்லை.

அருள் பேப்பரை நேராக வைத்தார். உச்சியில் சின்னதாக ஒரு சிலுவை. பிறகுதான் வாத்து. ரேஷன் கடைச் சீட்டானாலும் லேத் அளவுக் கணக்கானாலும் சிலுவை போடாமல் எழுதமாட்டார், பிள்ளை வயதுப் பழக்கம். அன்றைக்குப் பிளாக் செய்தவர் அதையும் படம் என்று நினைத்துச் செதுக்கிவிட்டார்.

அதிகாரி லேபிள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “இது ஸ்டார் இல்லையேப்பா.” கண்ணப்பன் தான் வரைந்ததை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

அருளுக்கோ என்ன நடந்தது என்றே தெரியவில்லை. “கால் சரியா வரல சார், வேற பேப்பர் குடுங்க.”

30.8.91 வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. ஆட்சேபணை தள்ளுபடி. வாத்து என் பெயரில் பதிவாகும்.

அருள் திரும்பத் திரும்பப் படித்தார். கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். காஸ்டிக் பட்டுவிட்டது என்றேன்.

மாலை கோயிலில் மெழுகுவர்த்தி. கண்ணப்பனை நினைத்து ஒன்றும் ஏற்றவில்லை. அவ்வளவு நல்லவள் இல்லை.

1.9.91 ஞாயிறு

தூறல். பூசை முடிந்து வந்தால் வாசலில் கண்ணப்பன், சைக்கிளோடு. கையில் பேப்பரில் சுற்றிய, அவன் லேபிளின் அச்சுப் பிளாக்.

“இந்தாக்கா. இத்த வச்சிகினு நான் இன்னா பண்றது.”

வாங்கிக்கொண்டேன். போகாமல் நிற்கிறான்.

“தப்புதான்க்கா. ஆனா தெருத்தெருவா வாத்து வாத்துன்னு கூவிகினு போனது நானுதானே?”

கோபம் வந்தது. பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. பூந்தமல்லி வரைக்கும் வாத்தைக் கொண்டுபோனது அவன் தொண்டைதான்.

“காய்ச்சறத நிறுத்திட்டேன். மறுபடி கடைக்குப் போடற லைன் குடுக்கிறியா?”

அருள் என் முகத்தைப் பார்க்கிறார். நாளைக் காலையில் வா என்றேன்.

“கடையில கேப்பாங்களேக்கா. இன்னா சொல்றது?”

“ஸ்டெல்லா அக்கா வாத்து வந்திருக்குன்னு சொல்லு.”