கோமு படித்த ஆங்கில இலக்கியம்

என் கோமுவுக்கு,

நேற்று உன் தலைத்திவசம் முடிந்தது. வந்த சொந்தக்காரர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது கால் இரண்டும் என்னுடையவை மாதிரியே இல்லை. பாத்திரங்கள் கழுவாமல் கிடக்கின்றன. அவற்றைக் கழுவப் போகும் முன் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.

பிளஸ் டூ வந்த புதிது. உன் பள்ளியில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்கள் நாலே பேர். நடுவில் இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டுப் படிக்கத் திரும்பியவள் நீ, பத்தொன்பது வயது. பிளஸ் ஒன் முடிந்த லீவில் நமக்குக் கல்யாணம் ஆயிற்று. நீ மறுபடி பள்ளிக்குப் போவாய் என்று நம் வீட்டில் யாரும் நினைக்கவில்லை. நானும்தான். நீதான் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாய்: "அத்தான், பள்ளிக்கூடம் திறக்கப் போவுது. கொண்டுவிட வருவியளா, நானே போயிக்கிடட்டுமா?"

கல்யாணமான பெண்ணை வகுப்பில் வைத்தால் மற்றப் பிள்ளைகளின் கவனம் கெடும், பிரைவேட்டாக எழுதட்டும் என்றார் தலைமையாசிரியை. நாடகத்தையும் கவிதையையும் வீட்டில் யார் நடத்துவார்கள் என்று நீ கேட்டாய். அவர் என்னைப் பார்த்தார். பி.யு.சி.யில் இங்கிலீஷில் தோற்றவன் நான். "எனக்குத் தெரியாது டீச்சர். அதனாலதான் இங்கன கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றேன். கடைசியில் அவர், தாலியை ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்.

அம்மா உன்னோடு பேசுவதையே விட்டாள். நீ விடிகாலையில் உலை வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்தை மீறி நாடகம் படிப்பாய். ராணி பேசும் இடத்தில் உன் குரலே மாறிவிடும். ஒரு வரியை எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு, "இல்ல அத்தான், அது இப்படி இல்ல. சரியா வரமாட்டேங்கு" என்று முகம் சுளிப்பாய். எனக்கு அதுவே போதும் போலிருந்தது. உனக்கு ஏன் போதவில்லை?

பரீட்சையின்போது வள்ளி வயிற்றில் ஏழு மாதம். பெஞ்சில் நேராக உட்கார முடியாமல் பக்கவாட்டில் திரும்பி எழுதினாயாம். அந்தப் பாடத்தில் பள்ளியிலேயே நீதான் முதல். பிறகு பி.ஏ.வைத் தபாலில் படித்தாய். கடைசி வருஷத்தில் போய்விட்டாய்.

வள்ளி இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அவளுக்கு நான் போடும் சடை இன்னும் கோணல்தான். தாலுகா ஆபீஸ், அடுப்பு, அம்மாவின் மூட்டுவலி. படுத்தால் அசதி வருகிறது, தூக்கம் வருவதில்லை.

சரி, சொல்லிவிடுகிறேன். அம்மா பெண் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். போன மாதம் மறுக்கக்கூடத் தெம்பில்லாமல் அவளோடு வாசுதேவநல்லூர் போனேன். பெண் பேர் செல்லம்மாள். நோயாளி அப்பாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போனவள். பெரியவர்கள் எழுந்து வயலைப் பார்க்கப் போனதும், காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா என்ன படிச்சிருந்தாவ?"

இங்கிலீஷ் இலக்கியம் என்றேன்.

"அதுல என்ன சொல்லிக் குடுப்பாவ?"

எனக்கு என்ன தெரியும், கோமு? தெரிந்ததைச் சொன்னேன். அந்த ராணியைப் பற்றிச் சொன்னேன்; ஏன் அழுகிறாள் என்பதைப் பாதி தப்பாகத்தான் சொல்லியிருப்பேன். காப்பியில் ஆடை படியும்வரை பேசியிருக்கிறேன். அவள் நடுவில் எழுந்து போகவில்லை. இந்த ஒரு வருஷமாக வருகிறவர்கள் எல்லாம் மஞ்சள்காமாலையைப் பற்றித்தான் கேட்டார்கள். நீ எப்படி இறந்தாய் என்று கேட்காத முதல் ஆள் அவள்.

சம்மதம் சொல்லிவிட்டேன். அசதியில் சொன்னேனா, பிள்ளைக்காகவா, அந்தக் கேள்விக்காகவா? எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உனக்குக் கோபமா?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லுகிறேன். வள்ளியிடம் உன்னைப் பற்றிப் பேசுவதை யாருக்காகவும் நிறுத்தமாட்டேன். எனக்குத் தெரிந்த மட்டும் சொல்வேன். தெரியாததை அவளே படித்துக்கொள்வாள். அதுவரை அவளைப் படிப்பிலிருந்து எழுப்ப ஒருவரையும் விடமாட்டேன்.

இன்னும் உன் அத்தான்தான்,
சண்முகம்