பூ வாக்கு

1926 ஆடி, வெள்ளிக்கிழமை

எங்கள் வயலில் வேலை செய்யும் வேலனின் மனைவிக்கு நேற்றிலிருந்து பிரசவ வலி. பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்குப் போக எங்கள் வண்டியைக் கேட்டு வந்தான். அப்பா மாரியம்மனிடம் வாக்குக் கேட்டார். சிலையின் தோளில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தால் போகலாம். இடப்பக்கம் விழுந்தது. சாதியால் கோயில் மதிலுக்கு வெளியே நிற்கவேண்டிய வேலனுக்கு அது தெரியாது. அப்பா சொல்லித்தான் தெரியும்.

எங்கள் ஊரில் வாக்கு என்றால் நடக்கப்போவதைச் சாமி முன்கூட்டியே சொல்வது. விதைக்கவும் பெண் கொடுக்கவும் அதைக் கேட்பார்கள். பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

நான் திறந்தேன். "காத்துல விழுந்துச்சுங்கப்பா. வண்டியப் பூட்டறேன்."

மதிலுக்கு அப்பாலிருந்து வேலன்தான் தடுத்தான். "வேண்டாமுங்க சின்னவரே. ஆத்தா சொல்லிப்போட்டா. மீறிப் போயி அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

சாயங்காலம் அவள் செத்துப்போனாள். பிள்ளையும் தங்கவில்லை.

போன வாரம் எங்கள் காளை தீனி எடுக்காமல் படுத்தது. அப்பா எந்தப் பூவையும் கேட்கவில்லை, உடனே வைத்தியருக்கு ஆளனுப்பினார். அதை நான் வேலன் காதில் விழும்படி சொல்லியிருக்கலாம். இப்போது கட்டுத்தரையில் காளையின் கழுத்துமணி கேட்ட பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வருகிறது.