பந்தை எறியாத ரெஜி அண்ணைக்கு

அன்புள்ள ரெஜி அண்ணை,

இந்தக் கடிதத்தைத் தமிழில்தான் எழுதுகிறேன். ‘ஓம்’, ‘சோறு’, ‘மீன்’ இவற்றைத் தவிர உங்களுக்குத் தமிழில் வேறொன்றும் தெரியாது என்பதை மறக்கவில்லை. என்னுடைய ஆங்கிலமோ புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கிப் பழகிய ஆங்கிலம். சரக்கு வந்ததா, போனதா என்று அதில் சொல்லலாம், இதைச் சொல்ல முடியாது. நீங்கள் போன இடத்தில் ஒரு தமிழனாவது இல்லாமலா இருப்பான்? பிடித்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இங்கே எல்லோரும் சுகம். நம்முடைய கிரிக்கெட் கழகம் இந்த முறையும் அரையிறுதியில் தோற்றது. தான் ஆட்டமிழக்கவில்லை என்று வசந்தன் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறான். உங்களுக்குப் பதிலாக நடுவராக நிற்க வருகிறவர் கைத்தொலைபேசியில் கதைத்தபடி பந்துகளை எண்ண மறந்துவிடுகிறார். உங்கள் அருமை இப்போதுதான் தெரிகிறது என்று சொல்லவேண்டிய இடம் இது. நீங்கள் இருந்தபோதும் தெரிந்துதான் இருந்தது, வாய் திறந்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்கு எழுதுவதை எட்டிப் பார்த்து வாசிப்பவர்களுக்கு உங்களைத் தெரியாது. அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இங்கிலாந்தில் ஒரு நெசவாலை ஊரில் பிறந்தவர். மீசை அரும்பிய வயதில் கவுண்டி என்கிற மாவட்ட அணிக்கு வேகப்பந்து வீசப் போனவர். ஆனால் சனங்கள் மைதானத்துக்கு வந்தது உங்கள் பந்துவீச்சைப் பார்க்க அல்ல. எல்லைக்கோட்டில் நின்று நீங்கள் எறிந்தால் பந்து நேரே விக்கெட் காப்பாளரின் கையில் போய் இறங்குமாம். அதைப் பார்க்கத்தான் வந்தார்கள். ஒரு கோடைகாலம் ஆடினீர்கள், போர் வந்தது, இத்தாலிக்குப் போனீர்கள், பதக்கத்தோடு திரும்பினீர்கள். பிறகு இன்னும் கொஞ்சக் காலம் ஆடிவிட்டு, ஒருநாள் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தை விட்டு வந்துவிட்டீர்கள். மனைவியோடு கனடாவுக்கு, இந்த மொன்றியலுக்கு வந்து, சென்ட் லோரன்டில் விமானத் தொழிற்சாலையில் வேலைசெய்து, ஓய்வு பெற்று, மனைவியையும் இழந்து, புவாண்ட்-கிளேர் வீட்டில் தனியாக இருந்தீர்கள்.

பியர்பொன்ட்ஸ் பூங்காவில் நாங்கள் ஆடுவதைக் கண்டு காரை நிறுத்தினீர்கள். இறங்கி வந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. “அந்த உயரமானவன் பந்து வீசவில்லை, எறிகிறான்” என்றீர்கள். அந்த உயரமானவன் வசந்தன். அடுத்த ஞாயிறிலிருந்து நீங்கள்தான் எங்கள் நடுவர்.

எண்பது வயதுக்காரரை என்னவென்று அழைப்பது? ‘அப்பு’ என்றால் கிழவர் என்று அர்த்தமா என்று முறைத்தீர்கள். ‘அண்ணை’ என்றால் மூத்த சகோதரன் என்று சொன்னேன். “எனக்குச் சகோதரர்களே இல்லை. சரி, அது இருக்கட்டும்” என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனீர்கள்.

உங்களிடம் ஒரே ஒரு குறைதான். பந்து உங்கள் காலடிக்கு வந்தால் எடுத்து எறியமாட்டீர்கள். நடந்து வந்து பந்து வீச்சாளரின் கையில் கொடுப்பீர்கள். எவ்வளவு தூரமானாலும் அப்படித்தான். ஆட்டம் நிற்கும், எதிரணிக்காரர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பார்கள்.

“அண்ணை, உந்தப் பந்தை எறியுங்கோவன்” என்று வசந்தன் கத்துவான். “தபால்காரன் மாதிரிக் கொண்டுவந்தா நாங்கள் எப்ப வீட்டை போறது?”

தோளில் காயம் என்று நாங்களாகவே முடிவுசெய்துகொண்டோம். நீங்களும் மறுக்கவில்லை.

நீங்கள் பதக்கம் வாங்கிய வீரர் என்பது மைதானத்துக்கு வந்த ஒரு கிழவர் உங்களுக்கு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. உங்கள் முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்குப் போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். என் மனைவியின் சங்கதி உங்களுக்குத் தெரியும். அவளுடைய தமையனை இலங்கை ராணுவம், எங்கள் பேச்சில் ஆமி, பிடித்துக்கொண்டு போனது. பிறகு அவர் வரவேயில்லை.

“ஆமிக்காரனோ?” என்று மட்டும் கேட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் அவள் உங்களுக்குக் கட்டித் தரும் சோற்றில் அடுத்த முறை மீன் இருக்கவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்கள். சில ஞாயிறுகள் கழிந்து மீன் திரும்பி வந்தது.

மன்னார்ப் பக்கம் மறுபடி சண்டை தொடங்கிய கோடைகாலம் அது. ஒரு ஞாயிறு நான் பிடிக்கவேண்டிய பந்துகளையெல்லாம் கோட்டைவிட்டேன். ஆட்டம் முடிந்து உங்களை வீட்டில் இறக்கப் போனபோது நீங்கள் காரைவிட்டு இறங்கவில்லை. ஊரில் என்ன நடந்தது என்று கேட்டீர்கள். இப்போது நடப்பதைச் சொல்லத் தொடங்கிப் பழையதைச் சொன்னேன். எங்கள் வீட்டின்மேல் ஷெல் விழுந்ததையும், என் தங்கை றீற்றாவையும்.

நீங்கள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தீர்கள். “நீ வீட்டுக்குள்ளே இருந்தவன். நான் வெளியே நின்றவன்” என்றீர்கள்.

பிறகு சொன்னீர்கள். இத்தாலியில் ஒரு கல்வீடு. மாடியில் ஓர் இயந்திரத் துப்பாக்கி உங்கள் ஆட்களை வயலில் படுக்க வைத்திருந்தது. கிட்டப்போக வழியில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து கைக்குண்டை யன்னலுக்குள் எறியக்கூடிய கை உங்கள் ஒருவருக்குத்தான் இருந்தது. மாடிக்கு ஒன்று எறிந்தீர்கள். அதோடு துப்பாக்கி நின்றுபோனது. கீழே யாரோ அசைவது தெரிந்து கீழ் யன்னலுக்கும் ஒன்று எறிந்தீர்கள். கீழே இருந்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும்.

பதக்கம் மாடிக்குக் கிடைத்தது. கீழ்வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஊருக்குத் திரும்பி ஆடிய கடைசி ஆட்டத்தில், எல்லைக்கோட்டில் பந்தை எடுத்தபோது சனம் முழுவதும் எழுந்து நின்றதாம், அந்தக் கை எறிவதைப் பார்க்க. நீங்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுமைதானம் வரை ஓடி வந்தீர்கள். அதற்குள் அவர்கள் நான்கு ஓட்டம் எடுத்துவிட்டார்கள். அன்று சாயந்தரம் பையைக் கட்டினீர்கள்.

“உள்ளே எப்படி இருக்கும்? அதைக் கேட்க எனக்கு இத்தனை வருடமாக ஆள் கிடைக்கவில்லை” என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை, உங்களுக்கும் தெரிந்திருக்கும். இறங்கிப் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் நீங்கள் ஆறுதல் கேட்டு வரவில்லை, பதில் கேட்டு வந்திருந்தீர்கள். அதனால் உள்ளதைச் சொன்னேன். சத்தம் பெரிதாகக் கேட்காது, காது அடைத்துவிடும். புழுதியில் கை தெரியாது. றீற்றா உடனே சாகவில்லை, பொழுதுபடும் வரை இருந்தாள். தண்ணீர் கேட்டாள், கொடுத்தோம். எறிந்தது யார் என்று அவள் ஒருமுறையும் கேட்கவில்லை.

நீங்கள் நன்றி சொன்னீர்கள். கதவைத் திறந்தபிறகு, “ஹெலனுக்குத் தெரியாது” என்றீர்கள். ஹெலன் உங்கள் ஒரே மகள். அது கட்டளையா, வேண்டுகோளா, வெறும் தகவலா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த கோடை முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இனி யாரிடம் கேட்பது?

உங்கள் இறுதிச்சடங்கு நன்றாகவே நடந்தது. பெட்டியின்மேல் கொடி போர்த்தார்கள், சிறு மெத்தையில் பதக்கம் வைத்தார்கள், ஊதுகுழல் ஊதினார்கள். மைதானத்தில் வென்ற கை போர்க்களத்திலும் வென்றது என்று ஒருவர் பேசினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு எங்கள் ஆட்கள் செய்த வேலையைக் கேளுங்கள். நம்முடைய வழக்கப்படி தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல் போட்டார்கள். அறிவித்தல் என்றால் உறவுமுறை இல்லாமல் சரிவராதே. ஆகவே ‘ஹெலனின் பாசமிகு தந்தையும், அன்ரன், வசந்தன் ஆகியோரின் அன்புச் சகோதரரும்’ என்று என் பெயரையும் சேர்த்துப் போட்டுவிட்டு, ஒரு பிரதியை ஒட்டாவாவில் இருக்கும் ஹெலனுக்கும் அனுப்பிவிட்டான் வசந்தன். அவர் தன் வேலையிடத்துத் தமிழ்ப் பெண்ணிடம் வாசிக்கக் கொடுத்திருக்கிறார். உடனே, அறிவித்தலில் போட்டிருந்த என் எண்ணுக்குத் தொலைபேசி வந்தது. அப்பாவுக்குச் சகோதரர்கள் இல்லையே, நீங்கள் யார் என்று கேட்டார். விளக்கிச் சொல்லி, முப்பத்தோராம் நாள் பூசைக்கும் சாப்பாட்டுக்கும் வரச் சொன்னேன். ஆம், மாதா கோயில் பக்கமே போகாத உங்களுக்குத்தான் முப்பத்தோராம் நாள் செய்தோம். கோபித்துப் பயனில்லை.

ஹெலன் வந்தார். கோயில் மண்டபத்தில் சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் உங்களைப் பற்றிக் கதைத்தார்கள். வசந்தன் தபால்காரன் கதையைச் சொல்லிச் சிரித்தான். ஹெலன் சிரிக்கவில்லை.

“எனக்கும் ஒருநாளும் எறிந்ததில்லை” என்றார். “சின்ன வயதில் தோட்டத்தில் கையை விரித்துக்கொண்டு நிற்பேன். நடந்து வந்து கையில் வைத்துவிட்டுப் போவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் அப்பாமார் எறிவார்கள். நான் பையனாகப் பிறக்காததுதான் காரணம் என்று இருந்துவிட்டேன். தோளில் காயம் என்று அம்மா சொல்வார். ஆனால் கூரையில் சிக்கிய பட்டத்தை அதே கையால்தான் எட்டி எடுத்தார்.” பிறகு என்னைப் பார்த்தார். “உங்களிடம் ஏதாவது சொன்னாரா?”

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். ஹெலனுக்கு முன்னாலேயே தமிழில் சொன்னாள்.

“சொல்லுங்கோ. அவர் செத்துப்போனார். இவ உயிரோட இருக்கிறா.”

மண்டபத்துச் சமையலறைக்கு ஹெலனைக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். கீழ் யன்னலையும் சொன்னேன். என் கிடங்கு ஆங்கிலத்தில் எப்படிச் சொல்லி முடித்தேனோ தெரியாது. அவர் கழுவிவைத்த தட்டுகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். பாதி அடுக்கு முடிந்தது.

“அப்படியென்றால் நான் காரணமில்லை” என்றார். பிறகுதான் அழுதார். உங்களுக்காக அழுதாரா, தனக்காகவா, அந்த மூவருக்காகவா என்று எனக்குத் தெரியாது. போகும்போது, பதக்கத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறேன், இனி என்ன செய்வது என்று கேட்டார். இதை எழுதலாமா என்று நான் கேட்டேன். எழுதுங்கள் என்றார். உங்களிடம் அனுமதி கேட்க வழியில்லை. பிழை என்றால் என்னோடு கோபியுங்கள், அவரோடு வேண்டாம்.

நவம்பர், எங்கள் கார்த்திகை மாதம், வருகிறது. இறந்த ஆத்துமாக்களுக்காகப் பூசை வைப்பதற்குப் பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கோயிலில் உறை தந்தார்கள். வழக்கம்போல றீற்றாவையும் ஸ்டெல்லாவின் தமையனையும் எழுதினேன். அடுத்ததாக உங்கள் பெயரை எழுதப் போனபோது ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள்.

“பொறுங்கோ. அந்தத் தாயையும் பிள்ளையளையும் முதல் எழுதுங்கோ.”

“பேர் தெரியாதே” என்றேன்.

“குண்டு எறியேக்கை இவருக்கும்தான் பேர் தெரியாது. எழுதுங்கோ. பிறகு இவரைப் போடலாம்.”

அப்படியே எழுதினேன், இத்தாலியில் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள் என்று. அவர்களுக்குக் கீழே உங்களை எழுதினேன். நான் இருக்கும்வரை ஒவ்வொரு கார்த்திகையும் இதே வரிசையில்தான் கொடுப்பேன். அவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் ஒருநாளும் எழுதமாட்டேன்.

இப்படிக்கு,
பத்திரிகையில் போட்டபடி உங்கள் தம்பி,
அன்ரன்