பாட்டில்லாமல் இறங்கியவன்

என் பாட்டுக்காரிக்கு,

புரூக்ளினில் குளிர் எப்படி? நீ வேலை பார்க்கும் வீட்டுக் குழந்தை இப்போதாவது ஒழுங்காகச் சாப்பிடுகிறதா? கையெழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

நீ போனபின் இரண்டு வருஷக் கார்னிவல் திருவிழாவிலும் கம்பைத் தொடாமல் ஒதுங்கியே இருந்தேன். இந்த வருஷம் மொருகா ஊர்க் களத்தில் கம்புச் சண்டைக்கு இறங்கிவிட்டேன். போகாதே என்று சொல்ல நீ இங்கே இருந்தால்தானே!

எதிரே ரியோ கிளாரோ ஊர்க்காரன் ஆன்செல்ம். அவன் கம்பு வீச்சுக்குத் தாளமெடுத்துப் பாட ஒரு கூட்டமே நின்றது; என் பக்கம் பாட யாருமில்லை.

"ஏய் கிழவா, உன் பாட்டுக்காரி எங்கடா? வேற எவனுக்காவது பாடப் போயிட்டாளா?" என்று கத்தினான். முரசடிக்கிறவனே சிரித்துவிட்டான்.

"உன்னைச் சாய்க்க எனக்குப் பாட்டு வேற வேணுமாடா?" என்றேன்.

வெறும் வாய்ச்சவடால். வெள்ளைக்காரன் முரசைத் தடை செய்த காலத்தில்கூட நம் ஆட்கள் மூங்கிலைத் தரையில் இடித்து, பாடித்தான் கம்புச் சண்டைக்கு இறங்கினார்கள்.

ஆன்செல்மின் கூட்டம் என்ன பாடியதோ, என் காதில் உன் பாட்டுதான் ஓடியது. நீ மூச்சு வாங்கும்போது நானும் கம்பைத் தாழ்த்துவேனே, அந்த இடம் வந்ததும் தாழ்த்திவிட்டேன். அவன் பாட்டில் அந்த இடமே கிடையாது; அவன் கம்பு என் தலையில் இறங்கியது.

களத்து நடுக்குழியில் தலையைக் குனிந்து, தோற்றவன் கொடுக்க வேண்டிய ரத்தத்தைக் கொடுத்தேன். பெரிதாக ஒன்றுமில்லை, தொப்பி போட்டால் மறைந்துவிடும். இடது கண் மட்டும் கொஞ்சம் மங்கல்.

தையல் போட்ட நர்ஸ், "கூட யாரும் வரலையா? வீட்டம்மா எங்க?" என்று கேட்டாள்.

"பாட்டு நடுவுல மூச்சு வாங்கப் போயிருக்கா" என்றேன்.

இப்படிக்கு,
கம்பைத் தாழ்த்தியபடியே நிற்பவன்