புகை எழாத நாற்பது வீடுகள்

மலைகள் மழை பெறுக, மன்னர் கோல் கோடாது ஓங்குக. முகிற்கோட்டை ஆண்டருளும் நெடுஞ்சேய் மாமன்னரின் ஆணை தாங்கி, தலைமை அமைச்சன் கீரங்கண்ணன், பனிவரை ஊர்க் காவல் தலைவர் இளநாகனாருக்கு விடுக்கும் ஓலை. உமது குடி நோயின்றி வாழ்க. உமது வேல் உறையிலே உறங்குக.

மன்னர் காட்டை அடைத்து, விறகும் விளக்கெரிக்க எண்ணெயும் குடிகளுக்கு அரண்மனையே அளக்கும் என்று அறிவித்தபோது, வீடுகளை எண்ணும் வழியைச் சொன்னவன் யானே. காடு அடைத்த பத்தாம் நாள் விடியலில் ஊர்க்காவல் மேட்டில் நின்று, எக்கூரையில் புகை எழுகிறதோ அதைக் குடியிருக்கும் வீடென்றும், எழாததைப் பாழ்வீடென்றும் எழுதுக என்றேன். மலையேறி வீடு வீடாய்ப் போகச் சோம்பல். அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்தேன். அவையோர் மெச்சினர். நானும் என்னை மெச்சிக்கொண்டேன்.

உமது ஊரில் அவ்வாறு பாழென்று எழுதப்பட்டவை நாற்பது. அவற்றுள் ஒன்றில் பூதன் என்பானும், அவன் மனைவி எயினியும், பிறந்து பதினொரு நாளேயான பெண்மகவும் வாழ்கின்றனர். அடைத்த காட்டுள் சுள்ளி பொறுக்கினான் என்று அவனைப் பிடித்து இங்கு அனுப்பினீர். ஆணைப்படி நடந்தீர், உம்மேல் குற்றமில்லை.

நேற்று அவனை விசாரித்தேன். விறகு இல்லாமையால் புகை இல்லை என்றும், புகை இல்லாமையால் விறகு இல்லை என்றும், எதை எரித்துத் தான் உயிரோடிருப்பதைக் காட்டுவது என்று அமைச்சரே சொல்ல வேண்டும் என்றும் கூறினான். தொட்டிலை எரித்தாயிற்று என்றும், எயினி குழந்தையை மார்போடு கட்டிக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருப்பாள் என்றும் சொன்னான். என் இருக்கை அருகே கணப்புச் சட்டி கனன்றுகொண்டிருந்தது.

விடுதலை என்றதும் அவன் மகிழவில்லை. தன் சுள்ளிக்கட்டு திரும்பக் கிடைக்குமா என்று மட்டும் கேட்டான். பறித்த விறகு அமைச்சர் மனை அடுக்களைக்குச் சேர்க என்று எழுதியவனும் நானே. ஆள் விட்டுக் கேட்டேன். முந்தைய நாளே எரிந்துவிட்டதாம். அதில் வெந்த சோற்றை நான் உண்டிருக்கிறேன். இதை அவனிடம் சொல்லத் துணிவில்லாமல் உமக்கு எழுதுகிறேன்.

ஆதலின் மன்னர் இசைவோடு ஆணையிடுவது யாதெனில்: ஓலை கண்டவுடன் உமது காவற்கூடத்து விறகையும் எண்ணெயையும் எயினியின் வீட்டுக்கு நீரே கொண்டு செல்க. பூதன் என் மனை விறகு ஏற்றிய வண்டியோடு பின்னே வருகிறான். அவன் வந்து சேருமுன் அவன் அடுப்பு எரிய வேண்டும். உதிர்ந்த சுள்ளி பொறுக்கக் காட்டைத் திறந்து விடுக. மற்ற முப்பத்தொன்பது கதவுகளையும் தட்டுக. திறக்காத வீட்டைப் பாழென்று எழுதாமல் உள்ளே புகுந்து பாரும்.

மகவு நலமெனில் எனக்கு ஒரு வரி எழுதும். நலமன்றெனில் மன்னருக்கு எழுதும். என்னை என்ன செய்வதென்று அவர் முடிவு செய்வார்.

இவ்வோலைக்கு அரக்கு உருக்க நெருப்பு வேண்டியிருந்தது. கை கூசிற்று. முத்திரை இட்டேன்.