நான்கு பென்சில் வரிகள்

ஜனவரி 10, 1999
தினமும் நாட்குறிப்பு எழுதுங்கள் என்று எங்கள் தேவாலயச் சபையில் சொல்கிறார்கள். கல்லூரி முடித்த பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. மன்னிக்க வேண்டும். இன்று எழுதுவதும் நல்ல காரணத்துக்காக அல்ல.

அண்ணன் மனைவி டானியா, தானே ஒட்டிச் செய்த குடும்பப் பட ஆல்பத்தை ஞாயிறு விருந்துக்குக் கொண்டுவந்தாள். தட்டில் உருளைக்கிழங்கு ஆறிப்போகும்வரை அம்மா அதைப் புரட்டிக்கொண்டிருந்தாள். என் பட்டச் சான்றிதழை இவ்வளவு நேரம் பார்த்தாளா? எங்கள் வீட்டின் முதல் சான்றிதழ் அது.

ஜனவரி 16
ப்ரோவோ நகரில் ஆல்பக் கடை. பக்கங்களைக் கோக்க மூன்று வகை: வளையம் வைத்தது, பட்டை வைத்தது, திருகாணி வைத்தது. வளையம் வைத்ததில் நடுவே இடைவெளி விழுகிறது. திருகாணி ஆல்பத்தில் எந்தப் பக்கத்தையும் கழற்றி மாற்றலாம். பன்னிரண்டு அங்குலச் சதுரமாக எடுத்தேன்.

"முதல் ஆல்பமா கண்ணு? பக்கத்துக்குப் போடுற உறையும் வாங்கிக்கோ. எல்லார் விரலும் பிசுக்கு," என்றாள் கடைக்காரம்மா.

டானியாவுடையது சின்ன அளவு. அதனால்தான் பெரிதாக எடுத்தேன். வேறு யாரிடம் சொல்ல?

ஜனவரி 23
அம்மாவின் பழைய ஆல்பத்தில் படங்கள் பசையோடு ஒட்டிக்கிடந்தன. பல் இடுக்கில் விடும் நூலை அடியில் செலுத்தி, அறுத்து அறுத்து எடுத்தேன். வான்கோழி ஆலையில் அவளுடைய முதல் நாள் படம்! தலையில் வலைத்தொப்பி.

"இதைப் பத்தி எழுதிக் குடும்மா."

சபை நிகழ்ச்சித்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் நான்கு வரி எழுதினாள். எண்பது கோழிக்குப் பிறகு விரல் மரத்துப்போனதாம். 'கேலீன் வயிற்றில் இருந்தாள், மேஸ்திரியிடம் சொல்லவில்லை' என்று என்னைப் பற்றியும் ஒரு வரி.

ஜனவரி 24
அதைத் திருத்தி, கணினியில் அடித்து, தந்த நிறத் தாளில் அச்செடுத்து ஒட்டினேன்: 'கடினமான சூழலிலும் அவர் மனம் தளரவில்லை.' வயிற்று விஷயம் வேண்டாமென்று விட்டுவிட்டேன். பென்சில் தாள் குப்பைக்குப் போயிற்று.

"எவ்வளவு சுத்தமா இருக்கு," என்றாள் அம்மா.

பிப்ரவரி 6
அடுத்த படத்துக்கு எழுதக் கேட்டேன். "நீயே எழுதிடு கேலீன். படிச்ச பொண்ணு."

பிப்ரவரி 20
சபைக் கூடத்தில் பெண்கள் எல்லோரும் ஆல்பமும் கத்தரியுமாக உட்கார்ந்திருந்தோம்.

"டானியா, படத்துல உன் புருஷன் மண்டையையே வட்டமா வெட்டிட்டே!" என்றாள் ஒருத்தி.

"பரவால்ல, அங்க தலைமுடியும்தான் இல்லையே," என்றாள் டானியா.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டானியாவின் ஆல்பத்தில் ஆறு பக்கம் அம்மாவின் கையெழுத்து. வெண்ணெய்க் கறையோடு ஒரு சமையல் குறிப்புகூட அப்படியே ஒட்டியிருந்தது. ஆறு பக்கம்! எனக்கு ஒன்று தரக்கூடாதா?

"உனக்கு மட்டும் அம்மா எப்படி எழுதினா?" கேட்டே விட்டேன்.

"முதல்ல மாட்டேன்னுதான் சொன்னாங்க. என் புக்கே கோணல்தாம்மா, சும்மா எழுதுங்கன்னேன்." அவளும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். "உன் ஆல்பம்னா அவங்களுக்குப் பயம், கேலீன். 'அது ரொம்ப அழகா இருக்கு, நான் எழுதினா கெட்டுப்போயிடும்'னாங்க."



பிப்ரவரி 21
குப்பை வண்டி எத்தனை முறை வந்து போயிருக்கும்! நான்கில் இரண்டு வரிதான் நினைவிருக்கிறது. அதிலும் என்னைப் பற்றிய வரியை நானே தூக்கி எறிந்திருக்கிறேன். டானியா எறிந்திருக்க மாட்டாள். அதுதான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 28
திருகாணியைக் கழற்றி அந்தப் பக்கத்தை மாற்றினேன். இப்போது அதில் படம் மட்டும். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள்.

"உன் பிரிண்ட்டு எங்கடி?"

"கிழிச்சுட்டேன்."

"அய்யோ, நல்லாத்தானே இருந்துச்சு?"

பென்சிலை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டேன்:

"நான் வயித்துல இருந்ததையும் சேர்த்து, இங்கயே நீ எழுதும்மா. நான் தொடமாட்டேன்."